மரை ஏறினால் மட்டும் போதாது: ஸ்பார்க் பிளக் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரு விவேக்நகரில் குடியிருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. தெருமுனை மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கரி பிடித்திருந்தது. டப்பாவில் கிடந்த ஒரு புது பிளக்கை எடுத்து மாட்டினார், ஒரே உதையில் வண்டி கிளம்பியது. காசைக் கொடுத்துவிட்டு நானும் சந்தோஷமாகப் போய்விட்டேன்.

அடுத்த நாலு மாதம் வண்டி ஓடியது என்று பெயர். மேம்பாலம் ஏறினால் இழுவை இல்லை. சிக்னலில் நின்றால் விக்கியது. கார்புரேட்டர், ஏர் ஃபில்டர், கடைசியில் பெட்ரோல் பங்க் வரை எல்லோரையும் சந்தேகப்பட்டேன். வேறொரு இடத்தில் சர்வீஸுக்கு விட்டபோது, அங்கிருந்த அண்ணன் பிளக்கைக் கழற்றி, அந்த வண்டிக்கு உரிய பிளக்கையும் எடுத்து வந்து, இரண்டையும் என் உள்ளங்கையில் சேர்த்து வைத்தார். மரையின் பருமன் ஒன்றேதான். நீளம் மட்டும் வேறு. ஒன்று சுண்டுவிரல் நகம் அளவுக்குக் குட்டை. "மரை ஏறுச்சுன்னா மாட்டிடறதா சார்?" என்று கேட்டார்.

அதோடும் முடியவில்லை. குட்டை பிளக் எட்டாத அந்த ஆறு மில்லிமீட்டர் மரையில் நாலு மாதக் கரி இறுகிக் கிடந்தது. சரியான பிளக்கைக் கையால் திருகினால் பாதி தாண்டி நின்றுவிட்டது. அவர் மரை சுத்தம் செய்யும் 'டேப்' என்ற திருகுக் கருவியில் கிரீஸ் தடவி, கரித்தூள் உள்ளே விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும்படி, அரைச் சுற்று முன்னே கால் சுற்று பின்னே என்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எடுத்தார். அவசரக்காரராக இருந்திருந்தால் ஸ்பேனரை வைத்து அழுத்தியிருப்பார். பிளக் உட்காரும் அலுமினிய ஹெட்டின் (சிலிண்டரின் மேல்மூடி) மரை போயிருக்கும்.

அதற்குப் பிறகு பிளக் விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. நம்பரைத்தான் நம்புகிறேன். அந்த நம்பரை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது, கடையில் எப்படி ஏமாறாமல் வாங்குவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: குற்றவாளி பிளக்தானா என்று பாருங்கள்

ஸ்டார்ட்டிங் டிரபிள், மிஸ்ஸிங், பிக்கப் குறைவு, திடீரென்று மைலேஜ் இறங்குவது எல்லாம் பிளக் தேய்ந்ததற்கான அறிகுறிகள். ஆனால் இவையே இக்னிஷன் காயில், ஏர் ஃபில்டர், பேட்டரி, இன்ஜெக்டர் கெட்டாலும் வரும். நாலு சிலிண்டர் காரில் ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆனால் ஓர் எளிய சோதனை உண்டு. அந்தச் சிலிண்டரின் பிளக்கை எடுத்துப் பக்கத்துச் சிலிண்டரில் மாட்டுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் பிளக்தான் காரணம். பழைய இடத்திலேயே நின்றால் காயிலை அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் ஒரே சிலிண்டர் என்பதால் புது பிளக் போட்டுப் பார்ப்பதுதான் சோதனை. விலை குறைவு, பரவாயில்லை.

டீசல் வண்டிக்காரர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதில் இருப்பது குளோ பிளக், அது வேறு சமாசாரம்.

படி 2: எத்தனை பிளக் என்று எண்ணுங்கள்

சிரிக்காதீர்கள். ஒரு சிலிண்டருக்கு ஒரு பிளக் என்ற கணக்கு எல்லா வண்டிக்கும் பொருந்தாது. பல்சர் 150 டிடிஎஸ்-ஐயில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக். பல்சர் என்எஸ்200-ல் மூன்று. பழைய ஹோண்டா சிட்டியில் ஐ-டிஎஸ்ஐ இஞ்சின் வந்ததே, அதில் நாலு சிலிண்டருக்கு எட்டு பிளக். கைக்கு எட்டுகிற பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு, எட்டாததை அப்படியே விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். பில்லில் எத்தனை பிளக், டப்பா எத்தனை காலியானது என்று எண்ணிப் பாருங்கள்.

மாற்றினால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். கெட்டது ஒன்றுதான் என்று ஒன்றை மட்டும் மாற்றினால், மற்றவை ஒவ்வொன்றாக அடுத்தடுத்து உங்களை ஷெட்டுக்கு அழைத்துப் போகும்.

படி 3: நம்பரைக் கண்டுபிடியுங்கள்

முதல் இடம் வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவல். அதன் பின்பக்கம், இஞ்சின் ஆயில் அளவு, டயர் காற்றழுத்தம் எல்லாம் இருக்கும் அட்டவணையில் பிளக் நம்பரும் இடைவெளியும் இருக்கும். சில கார்களில் பானட்டின் உள்பக்க ஸ்டிக்கரிலும் இருக்கும். மேனுவல் தொலைந்துவிட்டால் வண்டிக் கம்பெனியின் இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். பிளக் கம்பெனிகளும் மாடல் வாரியாக அட்டவணை வைத்திருக்கின்றன.

பலர் செய்கிற தவறு, இப்போது இஞ்சினில் இருக்கும் பிளக்கின் நம்பரைப் பார்த்து அதையே வாங்குவது. அது சரியான பிளக் என்று யார் சொன்னது? அல்சூரில் இருக்கும் நண்பன் ஒருவன் செகண்ட் ஹாண்ட் கார் வாங்கினான். நாலு பிளக்கைக் கழற்றினோம். மூன்று ஒரு கம்பெனி, ஒன்று இன்னொரு கம்பெனி, அந்த ஒன்றின் வெப்ப எண்ணும் (படி 5-ல் சொல்கிறேன்) வேறு. "மச்சான், எதை வச்சுடா வாங்குறது?" என்று முழித்தான். பழைய பிளக் ஒரு சாட்சி, அவ்வளவுதான். தீர்ப்பு மேனுவலில் இருக்கிறது.

அட்டவணையில் தேடும்போது மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் பத்து வருடமாக விற்கும் வண்டியில் இஞ்சின் இரண்டு மூன்று முறை மாறியிருக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்த பைக்குகள் எத்தனையோ. அதனால் ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதம், வருடம், இஞ்சின் சிசி மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: நம்பரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பிளக்கின் மேல் இருக்கும் எழுத்துக் கூட்டம் பார்க்க ரயில்வே பி.என்.ஆர். மாதிரி இருந்தாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் அர்த்தம் உண்டு. என்.ஜி.கே. பிளக் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: சி.பி.ஆர்.8.இ.ஏ-9.

முதல் எழுத்தான 'சி' மரையின் விட்டம் 10 மி.மீ. என்கிறது, 16 மி.மீ. ஸ்பேனர் போடவேண்டும் என்பதும் அதிலேயே அடக்கம். இரண்டாவது எழுத்து, நடுப் பீங்கான் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் வகை என்பதைக் காட்டுகிறது. 'ஆர்' என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. 8 வெப்ப எண். 'இ' என்பது மரையின் நீளம் 19 மி.மீ. 'ஏ' அந்தத் தயாரிப்பின் தனி வடிவமைப்பு. கடைசியில் உள்ள 9, நுனியில் இடைவெளி 0.9 மி.மீ. என்கிறது. 11 என்றிருந்தால் 1.1.

இதில் தமிழில் எழுதுவதால் ஒரு சங்கடம். 14 மி.மீ. மரையைக் குறிக்கும் ஆங்கில எழுத்தும், துருத்திய பீங்கானைக் குறிக்கும் எழுத்தும் நமக்கு இரண்டுமே 'பி'தான். கடையில் போனில் சொல்லி வாங்காதீர்கள், எழுதிக் காட்டுங்கள்.

என்னை நாலு மாதம் அலையவைத்தது இந்த 'இ'தான். என் வண்டிக்கு 'இ' வேண்டும், போட்டது 'எச்'. 'எச்' என்றால் 12.7 மி.மீ. சின்ன கம்யூட்டர் பைக்குகள் பலவற்றில் அந்தக் குட்டை பிளக்தான், அதனால் எல்லா மெக்கானிக் டப்பாவிலும் அது இருக்கும். அதே 10 மி.மீ. மரை என்பதால் சொகுசாக ஏறிவிடும். ஆனால் தீப்பொறி எரிஅறைக்குள் இல்லாமல் ஒரு குழிக்குள் விழும். மாறாக, குட்டை பிளக் போடவேண்டிய இடத்தில் நீள பிளக் போட்டால் கதை இன்னும் மோசம். பிஸ்டன் மேலே வரும்போது பிளக்கில் இடிக்கலாம். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் மரைகள் சூடேறி, தீப்பொறிக்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கலாம்.

ரெசிஸ்டர் விஷயத்திலும் கவனம் வேண்டும். தீப்பொறி பாயும்போது எழும் மின்காந்த இரைச்சலை அடக்க, பிளக்குக்குள் சுமார் 5 கிலோ ஓம் அளவில் ஒரு தடை வைத்திருப்பார்கள். கார்புரேட்டர் காலத்து வண்டியில் இது இல்லாவிட்டால் ரேடியோ கரகரக்கும், அவ்வளவுதான். இப்போதைய வண்டியில் ஈ.சி.யு. என்ற இஞ்சின் கம்ப்யூட்டர் இருக்கிறது, நாலைந்து சென்ஸார் இருக்கிறது. 'ஆர்' கேட்கிற இடத்தில் 'ஆர்' இல்லாத பிளக் போட்டால் அந்தக் கம்ப்யூட்டர் குழம்பும். ரெசிஸ்டரை எடுத்துவிட்டால் தீப்பொறி பெரிதாகும், வேகம் கூடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பிளக் உட்காரும் இடமும் இரண்டு வகை. பெரும்பாலானவற்றில் வாஷர் இருக்கும். சிலவற்றில் வாஷரே இல்லாமல் கூம்பு மாதிரி சரிவாக இருக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது. கூம்பு பிளக்குக்கு நாமாக வாஷர் போடுவதும் கூடாது.

படி 5: வெப்ப எண்

பிளக் சம்பந்தமாக அதிகக் கட்டுக்கதை புழங்குவது இங்கேதான்.

ஹாட் பிளக் என்றால் சூடான தீப்பொறி தரும், கோல்ட் பிளக் என்றால் இஞ்சினைக் குளிரவைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. எரிஅறையில் பட்ட சூட்டை பிளக்கின் நுனி எவ்வளவு சீக்கிரம் ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது என்பதுதான் வெப்ப எண். ஒரே காபிதான். டம்ளரில் இருந்தால் சூடு நிற்கிறது, டபராவில் ஊற்றினால் சட்டென்று ஆறுகிறது. ஹாட் பிளக் டம்ளர், கோல்ட் பிளக் டபரா. ஹாட் பிளக்கில் நடுப் பீங்கானின் மூக்கு நீளம், சூடு வெளியேற நெடுவழி. கோல்ட் பிளக்கில் மூக்கு குட்டை, குறுக்குவழி.

நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படிகிற கரி தானாக எரிந்து போகும். அதற்குக் கீழேயே கிடந்தால் கரி சேர்ந்து, மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் கரி வழியாகவே ஒழுகிவிடும். மறுபக்கம், 850 டிகிரி வாக்கில் போனால் நுனியே நெருப்புத் துண்டாகி நேரத்துக்கு முன்பே பற்றவைக்கும். அதில் பிஸ்டனே ஓட்டையாகும். இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் நுனியை வைத்திருக்கிற எண்ணைத்தான் கம்பெனி சோதித்துப் பார்த்து மேனுவலில் போட்டிருக்கிறது.

பெங்களூருவில் இதற்கென்றே ஒரு வாதம் உண்டு. "இங்கே வண்டி ஓடுவதில்லை, நிற்கத்தானே செய்கிறது? சில்க் போர்டில் அரை மணி, டின் ஃபேக்டரியில் அரை மணி. ஒரு எண் ஹாட்டாகப் போட்டால் கரி பிடிக்காதே?" கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அதே வண்டியில்தானே வெள்ளிக்கிழமை இரவு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் வழியாக சேலத்துக்குப் போகிறோம்? நாலு மணி நேரம் இடைவிடாமல் ஓடும்போது அந்த ஹாட் பிளக்கின் நுனி எங்கே போய் நிற்கும்? கம்பெனி சொன்ன எண்ணை மாற்றாதீர்கள். ஊருக்குள் மட்டுமே ஓடும் வண்டி என்றால் வாரம் ஒரு முறை, ஞாயிறு விடியற்காலையில், இருபது முப்பது நிமிஷம் தடையில்லாத சாலையில் நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். கரி தானாக எரியும்.

சென்னையிலிருந்து பழைய கார்புரேட்டர் பைக்கைக் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று கொஞ்சம் லேசு. கீழே டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே சற்று ரிச்சாக (காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாக) ஓடி பிளக்கைக் கறுப்பாக்கும். கார்புரேட்டரைத் திருத்துங்கள், பிளக் எண்ணைத் தொடவேண்டாம். இன்ஜெக்ஷன் வண்டிகள் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும்.

எண்ணை மாற்ற நியாயமான காரணமும் உண்டு. இஞ்சினின் சக்தியைக் கூட்ட டியூன் செய்தவர்கள், ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் ஓர் எண் கோல்டாகப் போவார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

இன்னொரு பெரிய வில்லங்கம். எண்ணின் திசை கம்பெனிக்குக் கம்பெனி தலைகீழ். என்.ஜி.கே., டென்ஸோ இரண்டிலும் எண் ஏற ஏற கோல்ட். பாஷ், சாம்பியன் இரண்டிலும் எண் ஏற ஏற ஹாட். கார்களில் ரொம்பக் காலம் ஓடிய ஒரே வகை 14 மி.மீ. பிளக்கை நாலு கம்பெனியிலும் பாருங்கள்: என்.ஜி.கே.யில் பி.பி.ஆர்.6.இ.எஸ்., டென்ஸோவில் டபிள்யூ.20.இ.பி.ஆர்-யு, பாஷில் டபிள்யூ.ஆர்.7.டி.சி., சாம்பியனில் ஆர்.என்.9.ஒய்.சி. எண்கள் 6, 20, 7, 9. நாலும் ஒன்றுக்கொன்று மாற்று. கம்பெனி மாற்றி வாங்குவதில் தப்பில்லை, ஆனால் அந்தந்தக் கம்பெனியின் மாற்று அட்டவணையைப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். '7 கேட்டேன், 7 கொடுத்தார்' என்பது கணக்கு இல்லை.

நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் 'மைக்கோ பிளக்' என்றுதான் கேட்பார்கள். ஆடுகோடியில் ஆலை வைத்திருந்த மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. 2008-ல் அது பாஷ் லிமிடெட் ஆனது. மைக்கோ லேஅவுட் மட்டும் பழைய பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

படி 6: நிக்கலா, பிளாட்டினமா, இரிடியமா?

உலோகம் என்பது முக்கியமாக ஆயுள் பற்றிய விஷயம். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,446. உருகுநிலை ஏறும்போது நடு முனையை மெல்லிசாகச் செய்ய முடிகிறது. சாதாரண நிக்கல் பிளக்கில் நடு முனை 2.5 மி.மீ. தடிமன். இரிடியத்தில் 0.6, சிலவற்றில் 0.4 மி.மீ. கூட. மெல்லிய முனையிலிருந்து தீப்பொறி பாயக் குறைந்த மின்னழுத்தம் போதும். குளிர் காலை ஸ்டார்ட்டிங்கில் வித்தியாசம் தெரியும். மற்றபடி மைலேஜ் பத்து கிலோமீட்டர் ஏறிவிட்டது என்று ஒருவர் சொன்னால், அவருடைய பழைய பிளக் அவ்வளவு மோசமாக இருந்தது என்று அர்த்தம். அந்த இடத்தில் புது நிக்கல் பிளக் போட்டிருந்தாலும் ஏறியிருக்கும்.

என் வழக்கம் இது. மேனுவலில் இரிடியம் என்று இருந்தால் இரிடியமேதான், காசு மிச்சம் பிடிக்க நிக்கலுக்கு இறங்குவதில்லை. பிளக்கைக் கழற்றவே இன்டேக் மேனிஃபோல்டை (இஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) பிரிக்கவேண்டிய கார்களில் கூலியே பிளக் விலையை மிஞ்சும், ஆயுள் அதிகமானதே லாபம். மேனுவலில் நிக்கல் என்று இருந்து, பத்து நிமிஷத்தில் கழற்றக்கூடிய பைக் என்றால் நல்ல நிக்கல் பிளக்கை வாங்கிக் காலாகாலத்தில் மாற்றுங்கள். இரிடியம் நாலைந்து மடங்கு விலை, பைக்கில் அந்தக் காசு திரும்பி வருவது அபூர்வம்.

ஆயுள் என்று சொல்கிறோமே, எவ்வளவு? மேனுவலில் உங்கள் வண்டிக்குரிய கிலோமீட்டர் இருக்கும். பொதுவாக பைக்கில் நிக்கல் பத்துப் பதினைந்தாயிரம், காரில் முப்பது நாற்பதாயிரம், இரண்டு முனையிலும் விலையுயர்ந்த உலோகம் வைத்த நீண்டகால வகை ஒரு லட்சம் வரை.

கேஸில் ஓடும் வண்டிக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. ஸ்ரீராம்புரத்தில் எல்.பி.ஜி. ஆட்டோ ஓட்டும் மாமா ஒருவர், "கேஸ் வண்டி பிளக்கைத் தின்னும் மாப்ளே" என்பார். உண்மைதான். எல்.பி.ஜி., சி.என்.ஜி. இரண்டும் பற்றிக்கொள்ள அதிக மின்னழுத்தம் கேட்கும். இடைவெளி தேய்ந்து அகலமானால் பெட்ரோலில் ஓடிவிடுகிற வண்டி கேஸில் மிஸ் ஆகும். அதோடு கேஸ் சுத்தமாக எரிவதால் தேய்ந்த பிளக்கும் பளிச்சென்று இருக்கும், பார்த்து ஏமாந்துவிடுவோம். நிறத்தை விட்டுவிட்டு இடைவெளியை அளந்து பாருங்கள்.

படி 7: இடைவெளி

இங்கே இன்னொரு தமிழ்ச் சங்கடம். நுனியில் இருக்கும் இடைவெளியும் 'கேப்', தலையில் மாட்டும் ரப்பர் மூடியும் 'கேப்'. "கேப் சரியில்ல சார்" என்று மெக்கானிக் சொன்னால் எந்தக் கேப் என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேண்டாத ஒன்றுக்குக் காசு கொடுப்பீர்கள்.

புது பிளக் சரியான இடைவெளியோடுதான் வரும், ஆனால் கீழே விழுந்திருக்கலாம், அதனால் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ஒரு முறை சரிபார்ப்பது நல்லது. நிக்கல் பிளக்கில் வளைந்த வெளி முனையை மட்டும் மெல்லத் தட்டியோ நெம்பியோ சரிசெய்யலாம், நடு முனையில் கேஜை ஊன்றக்கூடாது. இரிடியத்தில் கைவைக்கவே வேண்டாம். அந்த 0.6 மி.மீ. முனை உடைந்தால் பிளக்கைத் தூக்கி எறியவேண்டியதுதான். அளவு தவறியிருந்தால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் பழக்கமும் இரிடியத்துக்கு ஆகாது.

படி 8: ஜே.சி. ரோட்டில் வாங்குவது

ஜே.சி. ரோடு கவுண்டரில் நின்றால் முதல் கேள்வி, "பழசு கொண்டாந்திருக்கீங்களா?" கொண்டுபோங்கள், ஆனால் கூடவே மேனுவல் பக்கத்தின் படத்தையும் காட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் வேலை சுலபம். ஒத்துப்போகாவிட்டால் மேனுவல் பக்கம் நில்லுங்கள். "இந்த நம்பர் இல்ல, இது போட்டா ஓடும், எல்லாரும் இதான் வாங்குறாங்க" என்று வேறொன்றை நீட்டினால், பணிவாக வாங்கி நம்பரைப் படித்துப் பாருங்கள். மாற்று அட்டவணையில் அது இருந்தால் சரி. இல்லாவிட்டால் அடுத்த கடை நாலடி தள்ளித்தான் இருக்கிறது.

போலி பிளக் இந்தச் சந்தையில் நிஜமான தலைவலி. பெயர் பெற்ற கம்பெனி எதுவோ அதற்குத்தான் போலியும் அதிகம். நான் பார்ப்பது இவை. பீங்கானில் அச்சு கூர்மையாக, நகத்தால் சுரண்டினால் உதிராமல் இருக்கவேண்டும். மரை வழவழப்பாக, பிசிறு இல்லாமல் இருக்கவேண்டும். அசல் பிளக்கின் மரை உருட்டி அழுத்திச் செய்தது, போலியில் வெட்டிய தடம் தெரியும். வாஷர் சுற்றினால் சுழலலாம், ஆனால் சுலபமாகக் கழன்று கையோடு வரக்கூடாது. வெளி முனை நடு முனைக்கு நேர் மேலே இருக்கவேண்டும். நாலு பிளக் வாங்கினால் நாலையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள், ஒன்று மட்டும் கோணலாக முறைத்துக்கொண்டிருந்தால் நாலுமே வேண்டாம். பக்கத்துக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிற இரிடியம் எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் வண்டிக் கம்பெனியின் பார்ட்ஸ் கவுண்டரில் கொஞ்சம் அதிகம் கொடுத்து வாங்குவது மேல்.

படி 9: மாட்டும் முன் ஒரு நிமிஷம்

பழையதையும் புதியதையும் செய்தித்தாள் மேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவையுங்கள். மரையின் பருமன், மரையின் நீளம், ஸ்பேனர் அளவு, வாஷரா கூம்பா, தலையில் திருகு முனை இருக்கிறதா இல்லையா. இந்த ஒரு நிமிஷத்தை அந்தத் திங்கட்கிழமை செலவழித்திருந்தால் எனக்கு நாலு மாதம் மிச்சமாகியிருக்கும். பழையதே தவறான பிளக் என்றால் ஒப்பீடு உதவாது. அப்போது ஸ்கேல் எடுத்து மரையின் நீளத்தை அளந்து, நம்பரில் உள்ள எழுத்தோடு சரிபாருங்கள்.

பழைய பிளக்கின் நுனியையும் அப்போதே பாருங்கள். பால் கலந்த டீயின் நிறம் அல்லது வெளிர் சாம்பல் என்றால் இஞ்சின் நலம். உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. எண்ணெய் பிசுபிசுப்பு என்றால் வால்வ் சீல் அல்லது பிஸ்டன் ரிங். அது பிளக் மாற்றித் தீராது. வெள்ளை வெளேரென்று கொப்புளம் மாதிரி இருந்தால் அதிகச் சூடு, பெட்ரோல் போதாமலோ பிளக் ஹாட்டாகவோ இருக்கலாம், உடனே காட்டுங்கள். சில சமயம் செங்காவி நிறம் படிந்திருக்கும். அது பெரும்பாலும் பெட்ரோலில் சேர்க்கும் ரசாயனத்தின் கறை. வெளியே பீங்கானும் இரும்பும் சேரும் இடத்தில் பழுப்பு வளையம் தெரிந்தால், புகை கசிகிறது என்று சிலர் பயமுறுத்துவார்கள். உயர் மின்னழுத்தத்தில் எண்ணெய்த் துகள்கள் ஒட்டிய கறைதான் அது, பெரும்பாலும் ஒரு தீங்கும் இல்லை.

படி 10: மாட்டுவது

இஞ்சின் முழுக்க ஆறியிருக்கவேண்டும். சூடான அலுமினிய ஹெட்டில் பிளக்கைக் கழற்றினால் மரையும் கூடவே வரும் அபாயம் உண்டு. கழற்றும் முன் பிளக் குழியில் கிடக்கும் மண்ணை ஊதித் தள்ளுங்கள், இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் போகும். காரில் அந்தக் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் மேல் கவரின் ரப்பர் சீல் போய்விட்டது, அதையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய வயர் வகைக் கார் என்றால் ஒவ்வொரு சிலிண்டராக முடியுங்கள், நாலு வயரையும் ஒன்றாகப் பிடுங்கினால் எது எங்கே என்று தெரியாமல் முழிப்பீர்கள்.

புது பிளக்கை எப்போதும் கையால்தான் தொடங்கவேண்டும். குழி ஆழமாக இருந்தால் பெட்ரோல் ரப்பர் டியூப் ஒரு சாண் எடுத்து பிளக்கின் தலையில் சொருகித் திருகுங்கள். மரை குறுக்கே ஏறினால் டியூப் வழுக்கிவிடும், ஸ்பேனர் மாதிரி அழுத்திக் கெடுக்காது. கடைசி வரை கையாலேயே போகவேண்டும். நடுவில் நின்றால் வெளியே எடுத்துப் பாருங்கள்.

வாஷர் வகைப் புது பிளக் ஹெட்டில் உட்கார்ந்த பிறகு, 14 மி.மீ. மரைக்கு அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகத் திருப்பினால் போதும். 10 மி.மீ.க்கு அரைச் சுற்றோடு நிறுத்துங்கள். ஒரு முறை மாட்டிக் கழற்றிய பிளக் என்றால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், கடிகார முள்ளில் ஐந்து நிமிஷம் நகர்கிற அளவு போதும். கூம்பு வகைக்கு அதிலும் கொஞ்சம் குறைவு. டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ.க்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20, 10 மி.மீ.க்கு 10 முதல் 12. பிளக் டப்பாவிலோ மேனுவலிலோ வேறு அளவு போட்டிருந்தால் அதுவே சரி. மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவவேண்டாம். வழுக்கலால் அதே கைவலுவில் அதிகமாக இறுகிவிடும். முலாம் பூசிய மரைக்கு அது தேவையும் இல்லை.

கடைசியில் மூடியை 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். மழைக்காலத்தில் மட்டும் மிஸ் ஆகிற வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த மூடியின் ரப்பர் வெடிப்புதான் காரணம் என்பது என் அனுபவம். வெடித்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் டப்பா அட்டையில் எழுதி, மேனுவலுக்குள் சொருகி வையுங்கள். பைக்காக இருந்தால், கழற்றியதில் ஓரளவு நல்ல பிளக் ஒன்றை நுனி அடிபடாமல் துணியில் சுற்றி, பிளக் ஸ்பேனரோடு சேர்த்து சீட்டுக்கு அடியில் போட்டுவிடுங்கள். தொப்பூர் இறக்கத்தில் ராத்திரி ஒன்றரை மணிக்குக் கடை எதுவும் திறந்திருக்காது.